தோற்காத அணியிடமிருந்து கோப்பை கைமாறியது எப்படி? சாண்டா கிளாரா 2021: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருக்க, மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பெண் குழந்தைகளோ சாக்கர் பூட்ஸோடு வளர்கிறார்கள். இந்த இடைவெளியில் ஓர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் வருகின்றன. ஃபிளாஸ்க் காபி ஆறிப்போகும் வரை வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

எந்த மேட்ச்சைப் பத்தி இவ்வளவு பேச்சு?

2021 மே 17 அன்று வடகரோலினா மாநிலத்தின் கேரி நகரில், வேக்மெட் சாக்கர் பார்க்கில் நடந்த ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பெண்கள் கால்பந்து, முதல் பிரிவு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் முதல் தரவரிசையில் இருந்த புளோரிடா ஸ்டேட். இன்னொரு பக்கம் 11வது தரவரிசையில் இருந்த சாண்டா கிளாரா.

முதல் கோலை அடித்தது புளோரிடா ஸ்டேட். ஆட்டம் கையை விட்டுப் போகும் நேரத்தில், 84வது நிமிடத்தில், சாண்டா கிளாராவின் கெல்சி டர்ன்போ சமன் செய்தார். கூடுதல் நேரம் இருபது நிமிடத்திலும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் 4-1 என்று சாண்டா கிளாரா கோப்பையை எடுத்துக்கொண்டது.

சாண்டா கிளாரான்னா, நாம எல் கமினோ ரோட்ல தாண்டிப் போற காலேஜா?

அதேதான். பனைமரங்களும் பழைய தேவாலயமும் தெரியுமே, அந்த வளாகம். தேவாலயம் 1777இல் தொடங்கிய ஸ்பானிய மிஷன். அதைச் சுற்றி 1851இல் இயேசு சபையார் ஆரம்பித்த கல்லூரிதான் இன்றைய பல்கலைக்கழகம். இளங்கலை மாணவர்கள் ஆறாயிரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருப்பதால் பெயர் பெரிதாகக் கேட்கிறது, ஆள் பலம் அவ்வளவு இல்லை.

வளாகத்துக்குள் இருக்கும் ஸ்டீவன்ஸ் ஸ்டேடியம்தான் அணியின் சொந்த மைதானம். சான் ஹோசே எர்த்குவேக்ஸ் அணி தன் புது மைதானம் தயாராகும் வரை சில வருஷம் ஆடியதும் இங்கேதான். அப்போது அதன் பெயர் பக் ஷா ஸ்டேடியம். நம் ஆட்கள் சிலர் அந்தப் பெயரில்தான் இன்னும் சொல்கிறார்கள்.

ஆடினது 2021ல, ஆனா 2020 சாம்பியன்னு போடறாங்களே?

கொரோனா. வழக்கமாக இந்தப் போட்டிகள் ஆகஸ்டில் ஆரம்பித்து டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். 2020இல் அது வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனது. வருஷத்தின் பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. 64 அணிகளுக்குப் பதில் 48 அணிகள். வெவ்வேறு ஊர்களில் ஆடாமல் எல்லாரும் வடகரோலினாவுக்கே வந்து ஆடினார்கள்.

தள்ளிப்போனதிலும் எல்லாருக்கும் ஒரே அனுபவம் இல்லை. புளோரிடா ஸ்டேட் இருக்கும் அட்லாண்டிக் கோஸ்ட் லீக் 2020 இலையுதிர் காலத்திலேயே ஒரு சுற்று ஆடி முடித்தது. அதில் புளோரிடா ஸ்டேட்தான் சாம்பியன். சாண்டா கிளாரா இருக்கும் வெஸ்ட் கோஸ்ட் லீக் அப்போது ஆடவே இல்லை. சாண்டா கிளாரா கவுன்டியின் கட்டுப்பாடுகள் எவ்வளவு கடுமை என்பது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். உடல் உரசும் விளையாட்டுகளுக்கு 2020 நவம்பர் கடைசியில் தடை போட்டார்கள். கோடிகளில் புரளும் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஃபார்ட்டி நைனர்ஸே மூட்டை கட்டிக்கொண்டு அரிசோனா போய் ஆட வேண்டியதாயிற்று.

ஃபைனல் ஷூட் அவுட் 4-1ன்னு முடிஞ்சுதே, ஆளுக்கு அஞ்சு கிக் கிடையாதா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில் பேப்பர் தட்டில் பச்சைத் திராட்சையையும் கறுப்புத் திராட்சையையும் வரிசையாக வைத்து விளக்கினேன். பாதி விளக்கத்தில் ஒரு குட்டிப் பையன் புளோரிடாவைத் தின்றுவிட்டான்.

ஆளுக்கு ஐந்து கிக் உண்டு. ஆனால் பின்னால் இருக்கும் அணி மிச்சமுள்ள எல்லாக் கிக்கையும் அடித்தாலும் எட்டிப்பிடிக்க முடியாது என்று ஆனதும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் 4-1 என்ற ஸ்கோரை வைத்தே நடந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று சுற்று முடிவில் 3-1. நான்காவது கிக்கை சாண்டா கிளாரா அடித்ததும் 4-1. புளோரிடாவுக்கு மிச்சம் இரண்டே கிக், இரண்டையும் அடித்தாலும் மூன்றுதான். அதோடு முடிந்தது. இந்த ஸ்கோர் வருவதற்கு வேறு வழியே இல்லை: சாண்டா கிளாரா முதலில் உதைத்து நான்கில் நான்கையும் அடித்திருக்க வேண்டும், புளோரிடா மூன்றில் இரண்டைக் கோட்டைவிட்டிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் திராட்சையை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அந்தக் கடைசிக் கிக்கை அடித்தவர் இஸ்ஸி டி'அகிலா. சாண்டா கிளாராவின் கோல் காத்தவர் மார்லி நிக்கோலோஸ்.

புளோரிடா ஸ்டேட் அந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட தோக்கலைங்கறாங்க. அப்புறம் எப்படி கோப்பை போச்சு?

திருநெல்வேலியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி கேட்ட கேள்வி இது. "தோக்கவே இல்லைன்னா கோப்பை எப்படிப்பா போவும்?" என்றார். நியாயமான கேள்வி.

என்சிஏஏ கணக்குப்படி ஷூட் அவுட் என்பது ஆட்டத்தின் பகுதி இல்லை. யார் முன்னேறுவது, யார் கோப்பையைத் தூக்குவது என்று தீர்மானிக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். பதிவேட்டில் அந்த இறுதிப்போட்டி 1-1 டிரா. புளோரிடா ஸ்டேட்டின் சீசன் கணக்கு 13 வெற்றி, 0 தோல்வி, 3 டிரா. அந்த மூன்று டிராவும் வரிசையாகக் கடைசி மூன்று ஆட்டங்களில் வந்தவை. காலிறுதியில் டியூக் அணியோடு, அரையிறுதியில் வர்ஜீனியாவோடு, பிறகு சாண்டா கிளாராவோடு. முதல் இரண்டு முறை ஷூட் அவுட் அவர்கள் பக்கம் விழுந்தது. மூன்றாவது முறை விழவில்லை.

பாட்டிக்கு இதைச் சொன்னதும், "அப்ப ரெண்டு தடவை அதிர்ஷ்டம் வாங்கினவங்க மூணாவது தடவை அழக்கூடாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

பெனால்டி ஷூட் அவுட்டே லாட்டரிதானே? இதுல ஜெயிச்சதைப் பெருமையா சொல்லலாமா?

பன்னிரண்டு கெஜம் தூரத்தில் பந்தை வைத்து, ஒரே ஒருவரை எதிர்த்து உதைப்பதை லாட்டரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதைப்பவரின் கால் நடுங்குகிறதா இல்லையா என்பது பயிற்சி சம்பந்தப்பட்டது. அதே சமயம் நான்கைந்து கிக்குகளை வைத்து எந்த அணி மேலானது என்று சொல்லவும் முடியாது. நூறு முறை ஆடவிட்டால் புளோரிடா ஸ்டேட்தான் அதிக முறை ஜெயிக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இறுதிப்போட்டியை நூறு முறை ஆடுவதில்லையே.

ஷூட் அவுட் பற்றிப் பேசும்போது ஒரு சுவாரஸ்யம். அந்த இறுதியில் சாண்டா கிளாராவின் பயிற்சியாளராக இருந்தவர் ஜெரி ஸ்மித், 1987இல் பொறுப்பேற்றவர். அவர் மனைவி பிராண்டி சாஸ்டெய்ன், இதே கல்லூரியில் ஆடியவர். 1999 உலகக்கோப்பை இறுதியில் சீனாவுக்கு எதிராக ஐந்தாவது பெனால்டியை இடது காலால் அடித்து அமெரிக்காவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர்தான். அந்த வீட்டில் பெனால்டியை யாரும் லாட்டரி என்று சொல்வார்களா, தெரியவில்லை!

கடிகாரம் ஏன் தலைகீழா ஓடுது? டிவியில பாத்தா 45லேர்ந்து இறங்குதே?

கல்லூரி ஆட்டத்தில் அப்படித்தான். ஒவ்வொரு பாதியும் 45 நிமிடத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். கோல் விழுந்தாலோ, அட்டை காட்டினாலோ, அடிபட்டாலோ கடிகாரத்தை நிறுத்துவார்கள். அதனால் நடுவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொடுக்கும் 'காயம்பட்ட நேரம்' கிடையாது. டர்ன்போ சமன் செய்தபோது இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது மைதானத்தில் எல்லோருக்கும் நொடிக்கணக்கில் தெரியும்.

அப்போதைய இன்னொரு விதி: கூடுதல் நேரத்தில் யார் முதல் கோல் அடித்தாலும் உடனே ஆட்டம் முடிந்துவிடும். கோல்டன் கோல். பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பகுதி, ஒரு தவறு செய்தால் சீசனே காலி. அந்த இருபது நிமிடத்தைத் தாண்டித்தான் ஷூட் அவுட்டுக்கு வந்தார்கள். 2022இலிருந்து இந்த விதி போய்விட்டது. இப்போது நாக் அவுட்டில் இருபது நிமிடத்தையும் முழுதாக ஆடியாக வேண்டும்.

அப்ப சாண்டா கிளாரா ஒரு கத்துக்குட்டி டீம், சரிதானே?

இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சிறிய கல்லூரி என்பது உண்மை. எதிர்பாராத வெற்றி என்பதும் உண்மை. ஆனால் கத்துக்குட்டி என்றால் இப்போதுதான் ஆடக் கற்றுக்கொள்கிறவர்கள் என்று பொருள். இந்த அணி 2001இலேயே ஒருமுறை தேசியக் கோப்பை வாங்கியது. அப்போது இறுதியில் எதிரில் நின்றது அந்த சீசனில் ஆடிய 24 ஆட்டங்களையும் ஜெயித்து வந்த வடகரோலினா. ஆலி வாக்னர் அடித்த ஒரே கோலில் 1-0.

இங்கே ஆடிப் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள்: சாஸ்டெய்ன், வாக்னர், டேனியல் ஸ்லேட்டன், லெஸ்லி ஆஸ்போர்ன், ஜூலி எர்ட்ஸ். 2024இல் களமிறங்கிய பே எஃப்சி என்ற தொழில்முறை அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் திரிகிறார்களே, அந்த அணியைத் தொடங்கிய நான்கு வீராங்கனைகள் இவர்களில் முதல் நால்வர்தான். நால்வரும் ஒரே கல்லூரி. இதற்கு மேலும் கத்துக்குட்டி என்றால், என்ன சொல்ல.

சின்ன காலேஜ்னா டிவிஷன் 3தான். சாண்டா கிளாரா டிவிஷன் 1 ஆச்சே, நீங்க ஏமாத்தறீங்க?

பிடித்துவிட்டீர்கள். அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'சின்னக் கல்லூரி விளையாட்டு' என்றால் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளையும் என்ஏஐஏ என்ற வேறோர் அமைப்பின் கல்லூரிகளையும்தான் குறிப்பார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தரக்கூடாது. அந்தக் கணக்கில் சாண்டா கிளாரா சின்னக் கல்லூரி இல்லை.

ஆனால் முதல் பிரிவு என்பது ஒரே அளவுக்காரர்கள் கூடும் இடம் இல்லை. புளோரிடா ஸ்டேட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். அதன் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் 2021இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். சாண்டா கிளாராவின் மொத்த இளங்கலை மாணவர்களையும் ஒரு மூலையில் உட்காரவைத்துவிடலாம். சாண்டா கிளாராவுக்கு அந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணியே கிடையாது, 1993இல் மூடிவிட்டார்கள். அந்த ஃபுட்பாலும் அதன் டிவி ஒப்பந்தமும்தான் பெரிய லீகுகளின் பணப்பெட்டி. ஒரே பிரிவு என்றாலும் சட்டைப்பை ஒன்றில்லை.

அப்ப பணம் இல்லாத காலேஜ் பெண்கள் கால்பந்துல மட்டும் எப்படி பெரிய ஆளுங்களோட மோதுது?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். முதல் காரணம் ஸ்காலர்ஷிப் வரம்பு. அந்தக் காலத்து விதிப்படி முதல் பிரிவில் ஒரு பெண்கள் கால்பந்து அணி அதிகபட்சம் 14 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகையைத்தான் தரலாம். அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் கூட்டினால் 14ஐத் தாண்டக்கூடாது. புளோரிடா ஸ்டேட்டுக்கும் 14, சாண்டா கிளாராவுக்கும் 14. பயிற்சிக்கூடத்திலும் பயணத்திலும் பெரிய கல்லூரி கொட்டிச் செலவழிக்கலாம். நல்ல வீராங்கனைகளை இருபது முப்பது பேராக வாங்கி பெஞ்சில் அடைத்துவைக்க முடியாது. பதினைந்தாவது திறமைசாலி வேறு கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, ஊர். இந்த விரிகுடாப் பகுதியில் பெண்குழந்தைகளின் கிளப் ஆட்டம் எவ்வளவு தீவிரம் என்பது மாதாமாதம் பணம் கட்டுகிற உங்களுக்கே தெரியும். வாக்னர் பக்கத்து ஊர் சான் ஹோசேக்காரர்தான். கல்விக்கூடங்களில் ஆண்பெண் பாகுபாடு கூடாது என்ற 1972ஆம் வருஷத்து டைட்டில் நைன் சட்டம் வந்தபின் பெண்களுக்கு அணி அமைத்தாக வேண்டிய கட்டாயம். முந்திக்கொண்டு அக்கறையாகச் செய்த சின்னக் கல்லூரிகள் பெரியவர்கள் விழிப்பதற்குள் பேர் வாங்கிவிட்டன.

மூன்றாவது, ஆட்டத்தின் குணம். கூடைப்பந்தில் நூறு முறை கூடையைக் குறிவைக்கிறார்கள், திறமை கூடியவர் மெல்ல மேலே வந்துவிடுவார். கால்பந்தில் 90 நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ கோல். பலவீனமான அணிக்கு இந்தக் கஞ்சத்தனம்தான் துணை.

ஃபைனலை விடுங்க, செமிஃபைனல்தானே நிஜமான அதிர்ச்சி?

நல்ல வாதம். எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு. அரையிறுதியில் எதிரே இருந்தது வடகரோலினா, இரண்டாவது தரவரிசை, அதுவரை 21 என்சிஏஏ கோப்பைகள் வென்ற அணி. அவர்களின் வளாகம் இருக்கும் சேப்பல் ஹில், ஆட்டம் நடந்த கேரியிலிருந்து அரைமணி நேர கார் பயணம். கிட்டத்தட்ட அவர்கள் வீட்டு வாசலில் 3-1. இதில் ஷூட் அவுட் இல்லை, டிரா இல்லை, பாட்டியின் தீர்ப்புக்கும் வேலை இல்லை.

இதுக்கு முன்னாடி சின்ன காலேஜ் இப்படி ஜெயிச்சிருக்கா?

சாண்டா கிளாராவின் 2001 கதையை மேலே சொல்லிவிட்டேன். அதற்கு வெகு முன்னால், 1985இல், முதல் மூன்று என்சிஏஏ கோப்பைகளையும் வரிசையாக எடுத்திருந்த வடகரோலினாவை ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2-0 என்று இறுதியில் வீழ்த்தியது. அது நடந்தது ஃபேர்ஃபாக்ஸில், ஜார்ஜ் மேசனின் சொந்த ஊரில். அதன் மதிப்பு புரிய ஒன்று சொல்கிறேன்: அடுத்த வருஷத்திலிருந்து வடகரோலினா தொடர்ந்து ஒன்பது கோப்பைகளை வாங்கியது.

2002இல் போர்ட்லண்ட் பல்கலைக்கழகம். அதுவும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரி, அதே வெஸ்ட் கோஸ்ட் லீக். பயிற்சியாளர் கிளைவ் சார்ல்ஸ் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திவந்தார். இறுதியில் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் இரண்டு கோல் அடித்தார். இரண்டாவது, கூடுதல் நேரத்துக் கோல்டன் கோல். 2-1. அடுத்த வருஷம் ஆகஸ்டில் சார்ல்ஸ் காலமானார். அந்த இறுதியில் தோற்ற அணி எது தெரியுமா? சாண்டா கிளாரா. போர்ட்லண்ட் 2005இல் மறுபடி வென்றது. அதற்குப் பிறகு 2021 மே வரை அந்த லீகுக்குக் கோப்பை வரவே இல்லை.

அப்புறம் ரெண்டு டீமும் மறுபடி மோதிச்சா?

மோதவில்லை, ஆனால் நூலிழையில் தவறியது. கொரோனாவால் சீசன்கள் நெருங்கிப்போனதால் ஏழே மாதத்தில், 2021 டிசம்பரில், அடுத்த இறுதிச்சுற்று. இடம் ஸ்டீவன்ஸ் ஸ்டேடியம். ஆமாம், சாண்டா கிளாராவின் சொந்த மைதானம். அரையிறுதிக்கு சாண்டா கிளாராவும் வந்தது, புளோரிடா ஸ்டேட்டும் வந்தது.

சாண்டா கிளாராவுக்கு எதிரே பிரிகம் யங். கோல் இல்லாத டிரா, ஷூட் அவுட், வெளியே. இன்னொரு அரையிறுதியில் ரட்கர்ஸை வென்ற புளோரிடா ஸ்டேட், இறுதியில் அதே பிரிகம் யங்கோடு 0-0. அவர்களும் ஷூட் அவுட்டில்தான் கோப்பை வாங்கினார்கள். மே மாதம் பறித்தவர்களின் வீட்டு முற்றத்திலேயே, பறிபோன அதே முறையில். பாட்டி அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். ஃபோனில் சொன்னேன், சிரித்தார்.

இனிமே இப்படி ஒரு சின்ன காலேஜ் ஜெயிக்குமா?

கஷ்டம் கூடியிருக்கிறது. மேலே சொன்ன 14 ஸ்காலர்ஷிப் வரம்பு இப்போது இல்லை. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 28 பேர் என்ற தலைக்கணக்கு மட்டும்தான்; 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தர வசதியிருந்தால் தரலாம். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். ஃபுட்பால் பணம் உள்ளவர்களுக்கு இது கொண்டாட்டம். கதவைத் தட்டிக்கொண்டு வந்த அந்தப் பதினைந்தாவது திறமைசாலி இனி பெரிய வீட்டிலேயே தங்கிவிடக்கூடும். ஒரு வருஷம் ஆடி மின்னிய பெண்ணை அடுத்த வருஷம் பெரிய கல்லூரி இழுத்துக்கொள்வதும் சுலபமாகிவிட்டது.

ஒரு ஆட்டத்தில் கவிழ்ப்பது எப்போதும் நடக்கும், ஆட்டத்தின் கஞ்சத்தனம் மாறப்போவதில்லை. வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வரை போவதுதான் சந்தேகம்.

டர்ன்போவும் டி'அகிலாவும் இப்ப எங்க?

இருவரும் கல்லூரி முடித்துத் தொழில்முறை லீகுக்குப் போனார்கள். 2022இல் டர்ன்போ சான் டியாகோ வேவ் அணிக்கு, 2023இல் டி'அகிலா போர்ட்லண்ட் தார்ன்ஸுக்கு.

என் பொண்ணுக்கு வயசு ஒன்பது. சாண்டா கிளாராவுல ஆட இப்பவே என்ன செய்யணும்?

அக்கா, நேற்று அவள் பூட்ஸ் லேஸைத் தானே கட்டினாளா என்று முதலில் பாருங்கள். ஆகஸ்டில் சீசன் தொடங்கும்போது ஸ்டீவன்ஸ் ஸ்டேடியத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். கடிகாரம் ஏன் இறங்குகிறது என்று அவள் கேட்டால் பதில் மேலே இருக்கிறது.